உழவு மண்ணில் கிடைக்கும் உலோகப் பொருள்கள்: இனங்காணலும் பதிவும்

1. கருவியும் மேல்மண்ணும்

இங்கிலாந்தின் வயல்களில் கலப்பை இறங்கும் ஆழம் பெரும்பாலும் ஓர் அடிக்குள் அடங்கும். அந்த ஓரடி மண்ணில் வெண்கலக் காலத்துக் கோடரியும், உரோமானியர் காசும், இடைக்காலத்து இடைவார்க் கொக்கியும், போன நூற்றாண்டின் டிராக்டர் ஆணியும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒவ்வோர் உழவிலும் அவை இடம் பெயர்கின்றன. உரத்தின் உப்பு அவற்றை அரிக்கிறது; கொழுமுனை அவற்றை வளைக்கிறது, உடைக்கிறது. தொல்லியலாளர்கள் பொதுவாக இந்த மேல்மண்ணை அகற்றிவிட்டு, அதன் கீழே கலையாமல் இருக்கும் அடுக்குகளையே அகழ்ந்து ஆராய்வார்கள். அதனால் மேல்மண்ணில் கிடந்தவை நெடுங்காலம் யாருடைய கணக்கிலும் வரவில்லை. அவற்றை வெளியே கொண்டுவந்தது மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டி.

இக்கருவியின் கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலம் மண்ணில் உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது. காசு அளவுள்ள பொருளை ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. ஆழம் வரை உணரலாம். ஒலியின் தன்மையைக் கொண்டு இரும்பையும் பிற உலோகங்களையும் ஓரளவு பிரித்தறியலாம். ஆனால் அலுமினிய மூடித்துண்டும் சிறு பொன்மோதிரமும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தரக்கூடும். இங்கே உலோகம் இருக்கிறது என்று மட்டுமே கருவி சொல்லும். அது என்ன பொருள், யார் செய்தது, எதற்குப் பயன்பட்டது என்பவற்றை மனிதர்தான் கண்டறிய வேண்டும்.

1881-இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய ஒரு கருவியைப் பயன்படுத்திப் பார்த்தார், முயற்சி பலிக்கவில்லை. 1930-களில் கெர்ஹார்ட் ஃபிஷர் கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்துப் படை அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காட்டி 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் பயன்பட்டது. போருக்குப் பின் கருவியின் விலை இறங்க, 1960-களிலிருந்து வயல்களில் பழம்பொருள் தேடுவது பிரிட்டனில் பலருக்குப் பொழுதுபோக்காயிற்று. தொல்லியலாளர்கள் இதைக் கொள்ளையாகவே கருதினார்கள். 1980-இல் இதற்கு எதிராகப் பெரிய இயக்கமே நடத்தினார்கள். பின்னர் வந்த சட்டமும் பதிவுத் திட்டமும்தான் இரு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தன.

2. சட்டமும் பதிவுத் திட்டமும்

இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டத்தில், திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்து வைக்கப்பட்ட பொன்னும் வெள்ளியுமே புதையல் எனப்பட்டன. 1939-இல் சட்டன் ஹூ மேட்டில் அகழ்ந்த அரச ஈமப் பொருள்கள் இந்த வரையறைக்குள் வரவில்லை. இறந்தவரோடு புதைத்ததைத் திரும்ப எடுக்கும் எண்ணம் இருந்திருக்காது என்பதால் அவை நில உரிமையாளருக்கே உரியவை என்று விசாரணையில் முடிவாயிற்று. அவர் மனமுவந்து அவற்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகத் தந்தார். எல்லா உரிமையாளர்களிடமும் அத்தகைய கொடையுள்ளத்தை எதிர்பார்க்க முடியாது.

1996-இல் இயற்றப்பட்டு 1997-இல் நடைமுறைக்கு வந்த புதையல் சட்டம் இந்தக் குறையைத் தீர்த்தது. 300 ஆண்டுக்கு மேல் பழமையும் நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் பொன் அல்லது வெள்ளியும் உடைய பொருள், ஒரே இடத்தில் கிடைத்த காசுத் தொகுதி ஆகியவை புதையல் ஆயின. பின்னர் வரலாற்றுக்கு முந்தைய காலத்து வெண்கலப் பொருள்தொகுதிகளும் சேர்க்கப்பட்டன. கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் கொரோனர் எனப்படும் விசாரணை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் பொருளைப் பெற விரும்பினால், வல்லுநர் குழு மதிப்பிடும் தொகை கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் வழக்கமாகச் சரிபாதியாகப் பிரித்துத் தரப்படும்.

இதைவிடப் பெரிய பயன் 1997-இல் தொடங்கிய போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்னும் பதிவுத் திட்டத்தால் விளைந்தது. புதையல் வரையறைக்குள் வராத பொத்தானையும் கொக்கியையும் ஈயக் குண்டையும்கூட மாவட்டந்தோறும் உள்ள கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் காட்டலாம். அவர் பொருளை அளந்து, எடைபோட்டு, படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு உரியவரிடமே திருப்பித் தருவார். இவ்வாறு 15 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பொதுத் தரவுத்தளத்தில் பதிவாகியுள்ளன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை உலோகங்காட்டியோடு வயல்களில் நடப்பவர்கள் கொண்டுவந்தவை.

3. இனங்காணும் படிகள்

முதல் படி, கழுவாமல் இருப்பது. மண் அப்பிய பொருளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசையால் அழிந்த சான்றுகள் ஏராளம். கோடரியின் குழலுக்குள் ஒட்டியிருக்கும் மரத்துணுக்கு கரிமக் காலக்கணிப்புக்கு உதவும். கொக்கியின் பின்புறத் துருவில் பதிந்த நெசவுத் தடம், அது எவ்வகைத் துணியில் தைக்கப்பட்டது என்று காட்டும். கூரான கம்பித் துலக்கியால் ஒரு முறை தேய்த்தால் இரண்டும் போய்விடும்.

இரண்டாவது படி உலோகத்தை அறிவது. செம்புக் கலவைகள் பச்சைக் களிம்பேறும். வெளிறிய பச்சையில் மாவாக உதிர்ந்தால் பொருள் தொடர்ந்து அரிபடுகிறது என்று பொருள். உடனே உலர்ந்த சூழலில் வைக்க வேண்டும். ஈயம் வெளுத்த சாம்பல் நிறம் பெற்றுக் கையில் கனக்கும். வெள்ளி கறுக்கும். இரும்பு சிவந்து உப்பி உரு இழக்கும். அதன் உண்மை வடிவத்தை எக்ஸ்-கதிர்ப் படமே காட்டும். பொன் மட்டும் புதைத்த நாளின் நிறத்தோடு வெளிவரும். உலோகமே காலத்துக்குக் கீழ்வரம்பு இடுவதும் உண்டு: மலிவான அலுமினியம் 1886-இல் கண்டறியப்பட்ட மின்பகுப்பு முறைக்குப் பிறகே பரவியது என்பதால், அலுமினியப் பொருள் எதுவும் இடைக்காலத்ததாக இருக்க முடியாது.

மூன்றாவது படி செய்முறையையும் தேய்மானத்தையும் பார்ப்பது. வார்ப்பில் செய்ததா, தகட்டை அடித்து எடுத்ததா, அச்சில் குத்தியதா? ஓரம் உடைந்ததா, முழுமையானதா? எந்தப் பக்கம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது? ஒரு வளையத்தின் உட்புறம் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தால் அதில் வாரோ கயிறோ தொங்கியிருக்க வேண்டும். ஒரே சீரான திருகு மரை எந்திரக் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். புரியாத பொருள் என்று கொண்டுவரப்படுபவற்றில் பல, ஏதோ ஒரு முழுப்பொருளின் துண்டுகளே: குதிரைச் சேணத்தின் தொங்கல், பேழையின் கைப்பிடி, குத்துவிளக்கின் கால்.

நான்காவது படி ஒப்புநோக்கு. வெண்கலக் கோடரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிரிட்டனில் முதலில் வந்தது தட்டையான கோடரி. பிடியின் பிளவில் செருகிக் கட்டிய அது ஓங்கி வெட்டும்போது பக்கவாட்டில் ஆடியது. ஆட்டத்தைத் தடுக்க ஓரங்கள் உயர்த்தப்பட்டன. வெட்டும் விசையில் பிடி பிளந்துவிடாமல் இருக்க நடுவில் தடுப்பு மேடு வைக்கப்பட்டது. கடைசியில் பிடியையே உள்ளே செருகும் குழல் வடிவம் வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட இந்த வளர்ச்சியில், பிடி பொருத்தும் இடத்தை மட்டும் பார்த்துக் கோடரியின் காலத்தை நெருங்கிச் சொல்லலாம்.

4. அடிக்கடி ஏமாற்றும் சிறு பொருள்கள்

இங்கிலாந்து வயல்களில் மஞ்சள் நிறத்தில் மெல்லிய வட்டத் தகடு ஒன்று கிடைத்தால், கண்டெடுத்தவர் பொற்காசு என்றே மகிழ்வார். ஒரு பக்கம் மூன்று மகுடங்களும் மூன்று லில்லிப் பூக்களும் மாறிமாறி நடுப்பூவைச் சுற்றி நிற்கும்; மறுபக்கம் உருண்டையின் மேல் சிலுவை இருக்கும். இது காசு அன்று. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பெருமளவில் அச்சிட்ட பித்தளைக் கணக்குவில்லை. கோடிட்ட பலகையில் வில்லைகளை நகர்த்திக் கூட்டல் கழித்தல் செய்தார்கள். அச்சிட்டவர் பெயர் பலவற்றில் இருக்கும். ஹான்ஸ் க்ரௌவிங்கல் என்ற பெயர் மிகுதியாகக் காணப்படும். இந்திய எண்முறை ஐரோப்பாவில் வேரூன்றித் தாளில் கணக்கிடும் பழக்கம் பரவியபின் இவை வழக்கொழிந்தன.

தடித்த ஈய வட்டம் ஒன்றில் தாடி வைத்த இரு முகங்கள் புள்ளிக் கட்டத்துக்குள் தெரிந்தால், அது போப்பாண்டவர் ஆணையோலையில் தொங்கிய முத்திரை. முகங்கள் புனித பவுலும் புனித பேதுருவும். மறுபக்கத்தில் அந்தப் போப்பாண்டவரின் பெயர் இருக்கும். ஆகவே ஆட்சி ஆண்டுகளை வைத்து முத்திரையின் காலத்தை மிக நெருக்கமாகக் குறிக்க முடிகிறது. ஓலை மக்கிப்போனது, ஈயம் மட்டும் எஞ்சியது.

நடுவில் துளையுள்ள ஈய வில்லை நூல் நூற்கும் தக்களியின் எடைக்கல்லாக இருக்கலாம். இரு வட்டுகள் பட்டையால் இணைந்த ஈயத்துண்டு, துணியின் தரத்துக்கும் வரிக்கும் அடையாளமாகக் குத்திய முத்திரை. உருண்டையான வெண்கலச் சதங்கை வண்டிக் குதிரையின் கழுத்திலோ ஆட்டு மாட்டின் கழுத்திலோ ஒலித்தது. அதன் அடிப்பகுதியில் இருக்கும் எழுத்துகள் வார்த்தவரின் பெயர் முதலெழுத்துகள். பொன் தேடிப் போனவர்களுக்கு இவை ஏமாற்றமாகத் தோன்றலாம். சந்தை கூடிய இடம், மந்தை போன வழி, மறைந்துபோன குடியிருப்பு ஆகியவற்றை வரைபடத்தில் மீட்டெடுக்க உதவுபவை இச்சிறு பொருள்களே.

5. இடம் பேசிய மூன்று கண்டெடுப்புகள்

1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் சிற்றூரில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடப் போனவரின் கருவி வேறொன்றைக் காட்டியது. சில காசுகளையும் வெள்ளிக் கரண்டிகளையும் கண்டதும் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியலாளர் முறைப்படி அகழ்ந்தனர். 14,865 உரோமானியக் காசுகளும் ஏறத்தாழ 200 பொன், வெள்ளிப் பொருள்களும் கிடைத்தன. மரப்பேழை மக்கியிருந்தும், கரண்டிகளும் கிண்ணங்களும் அடுக்கிய வரிசையும், இடையில் திணித்த வைக்கோலும், உள்ளே இருந்த சிறு பெட்டிகளின் வெள்ளிப் பூட்டுகளும் பதிவாயின. காசுகளில் மிகப் பிந்தியவை 407–408 ஆண்டுகளைச் சேர்ந்தவை. எனவே புதைத்தது அதன் பின்னரே. பிரிட்டனில் உரோமானிய ஆட்சி குலைந்த காலம் அது. அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்பேழையில் இருந்த நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் தமிழ் வாசகரின் தனிக் கவனத்துக்கு உரியவை. ஒன்று அணிகலன் பூண்ட பெண்ணின் மார்பளவு உருவம். அடியில் உள்ள தகட்டைத் திருகினால் மூன்று நிலைகள் அமையும்: முழுதும் மூடிய நிலை, மிளகுப்பொடி நிரப்பப் பெரிய திறப்பு, தூவுவதற்குச் சிறு துளைகள். அடித்தகட்டைத் திருகிப் பார்க்காமல் விட்டிருந்தால் அது வெறும் பதுமை என்றே பதிவாகியிருக்கும். மிளகு விளைந்தது சேரநாட்டு மலைச்சரிவுகளில். முசிறி போன்ற துறைகளிலிருந்து செங்கடல் வழியே மேற்கே சென்ற வாணிகத்தின் கடைசி முனை இங்கிலாந்தின் ஒரு வயலில் வெளிப்பட்டது. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக் கேட்ட கப்பத்தில் 3,000 பவுண்டு மிளகும் இருந்தது என்பதை நினைத்தால், வெள்ளிச் சிமிழின் பெறுமதி விளங்கும்.

2003-இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்துச் சால்க்ரோவ் அருகே காசுகள் ஒட்டிப்பிடித்த பானை ஒன்று முழுதாக ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 காசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது ஒன்றில் டொமிட்டியானஸ் என்ற பேரரசனின் பெயர் இருந்தது. அவன் முதல் நூற்றாண்டில் ஆண்ட டொமிட்டியன் அல்லன். இந்த இரண்டாமவன் பெயரில் 1900-இல் பிரான்சில் ஒரே ஒரு காசு கிடைத்திருந்தது. அது போலி என்று ஒதுக்கப்பட்டது. வரலாற்று நூல்களில் இப்பெயருடைய படைத்தலைவன் குறிக்கப்பட்டாலும், அவன் அரசுக்கட்டில் ஏறியதாகச் செய்தி இல்லை. சால்க்ரோவ் காசும் பிரெஞ்சுக் காசும் ஒரே அச்சில் குத்தியவை என்று தெரிந்ததும் ஐயம் தீர்ந்தது. கி.பி. 271 வாக்கில் மிகச் சில காலம் பேரரசன் எனத் தன்னை அறிவித்துக்கொண்ட ஒருவன் வரலாற்றில் இடம்பெற்றான். அந்தக் காசு தனியே சந்தைக்கு வந்திருந்தால் அதையும் போலி என்றே சொல்லியிருப்பார்கள். பானையும் அதில் உடனிருந்த காசுகளுமே அதற்குச் சாட்சி.

2001-இல் கென்ட் மாவட்டத்து ரிங்கில்மியரில் கிடைத்த பொற்கிண்ணம் கலப்பையால் நசுங்கியிருந்தது. ஒரே தகட்டில் அடித்து எடுத்த அக்கிண்ணம் வெண்கலக் காலத்தது, கி.மு. 1700–1500 அளவில் செய்யப்பட்டது. கிடைத்த இடம் சரியாகக் குறிக்கப்பட்டதால் அங்கே அகழாய்வு தொடர்ந்தது. உழவில் மட்டமாகிப்போன பெரிய ஈம மேடு ஒன்று அடியில் இருந்தது தெரியவந்தது.

6. இன்னும் விளங்காத பன்னிருமுகி

எல்லாப் படிகளையும் கடந்த பின்னும் விடை தராத பொருள்கள் உண்டு. உரோமானியப் பன்னிருமுகி அவற்றில் தலையாயது. செம்புக் கலவையில் வார்த்த உள்ளீடற்ற உருவம். பன்னிரண்டு ஐங்கோண முகங்கள். ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் வெவ்வேறு அளவில் வட்டத் துளை. இருபது மூலைகளிலும் சிறு குமிழ். நூற்றுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. முதலாவது 1739-இல் இங்கிலாந்தில் பதிவானது. ஏறத்தாழ எல்லாமே பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி முதலிய வடமேற்கு மாகாணங்களில்தான் கிடைக்கின்றன. இத்தாலியில் ஒன்றுகூட இல்லை. உரோமானிய நூல் எதிலும் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

2023 கோடையில் லிங்கன்ஷயர் மாவட்டத்து நார்ட்டன் டிஸ்னி ஊரில் உள்ளூர்த் தன்னார்வத் தொல்லியல் குழு நடத்திய அகழாய்வில் ஒரு பன்னிருமுகி முழுதாகக் கிடைத்தது. பிரிட்டனில் கிடைத்தவற்றில் இது 33-ஆவது. உயரம் ஏறத்தாழ 8 செ.மீ. ஒரு பெரிய குழியில், உரோமானியக் காலத்து மட்பாண்டச் சில்லுகளுடன் அது இருந்தது. மண்ணடுக்கும் உடன்கிடந்த பொருள்களும் பதிவானதே இதன் சிறப்பு; பழைய பன்னிருமுகிகளில் பலவற்றுக்கு இந்த விவரம் இல்லை.

அது அளவுகோல் என்பாரும், மெழுகுத்திரித் தாங்கி என்பாரும், கையுறை பின்னும் கருவி என்பாரும் உண்டு. அளவுகோல் என்றால் ஒரே அளவில் இருக்க வேண்டும்; ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்கிறது, எண்குறியும் இல்லை. அன்றாடக் கருவி என்றால் தேய்ந்திருக்க வேண்டும். நார்ட்டன் டிஸ்னிப் பொருளில் பயன்பாட்டுத் தேய்மானம் தெரியவில்லை. வார்ப்பது கடினமான இப்பொருளை எளிய வேலைக்குச் செய்திருப்பார்கள் என்பதும் பொருந்தவில்லை. வடமேற்கு மாகாண மக்களின் வழிபாட்டோடோ குறிசொல்லலோடோ தொடர்புடையதாக இருக்கலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெறுகிறது. ஆயினும் அது முடிவன்று. தெரிந்தவற்றைச் சொல்லி, பொருந்தாதவற்றை நீக்கி, அந்த எல்லையில் நிற்பதும் இனங்காணலின் ஒழுக்கமே.

7. சட்டம் எட்டாத இடமும் நேர்மை தவறிய இடமும்

2010-இல் கம்ப்ரியா மாவட்டத்துக் கிராஸ்பி காரெட்டில் உரோமானியக் குதிரைவீரனின் முகமூடித் தலைக்கவசம் பல துண்டுகளாகக் கிடைத்தது. செம்புக் கலவையில் செய்த தனிப்பொருள் என்பதால் அது சட்டப்படி புதையல் ஆகவில்லை. துண்டுகள் விற்பனைக்காக ஒட்டிச் சீரமைக்கப்பட்டன. கிடைத்த நிலையிலேயே அவற்றை நுணுகி ஆராயும் வாய்ப்பு குறைந்தது. லண்டன் ஏலத்தில் தலைக்கவசம் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோய்த் தனியார் கைக்குச் சென்றது. கார்லைல் அருங்காட்சியகம் பொதுமக்களிடம் நிதி திரட்டியும் அதை வாங்க முடியவில்லை. இத்தகைய இழப்புகளின் விளைவாக 2023-இல் சட்டம் விரிந்தது. 200 ஆண்டுக்கு மேல் பழமையும் தனிச்சிறந்த வரலாற்று முக்கியத்துவமும் உடைய உலோகப் பொருள், எந்த உலோகமாயினும், இப்போது புதையல் ஆகும்.

2015-இல் ஹெரெஃபோர்டுஷயரில் நடந்தது இதைவிட வருத்தத்துக்குரியது. வைக்கிங் காலத்துப் புதையலைக் கண்டெடுத்த இருவர் தகவல் தராமல் மறைத்து விற்றனர். ஏறத்தாழ 300 காசுகளில் பத்தில் ஒரு பங்கே மீண்டது. 2019-இல் அவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மீட்ட சில காசுகளில் இரு அரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரடும் மெர்சியா அரசர் இரண்டாம் சியோல்வுல்ஃபும் ஒரே வகைக் காசை வெளியிட்டிருந்தனர். பிற்கால வெசெக்ஸ் நாளாகமம் அறிவிலி என்று இகழ்ந்த சியோல்வுல்ஃப், ஆல்ஃபிரடின் இணையான நட்பரசர் என்பதற்கு இது வலுவான சான்று. விற்கப்பட்டுச் சிதறிய காசுகளோடு அந்த நட்பின் ஆண்டுக்கணக்கும் சிதறிப்போயிற்று.

8. தமிழ்நாட்டுக்கு உரிய பாடம்

இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. நிலத்தில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், பொருளின் தன்மை, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர் தம் பங்கை இழப்பார், தண்டனையும் உண்டு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமம் இன்றித் தோண்டுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இடம் மறைக்கப்பட்டால் எவ்வளவு பாடுபட்டு அதை நிறுவ வேண்டியிருக்கும் என்பதற்குப் பத்தூர் நடராசர் வழக்கு சான்று. தஞ்சைப் பகுதியின் பத்தூரில் பாழடைந்த கோயிலருகே 1976-இல் தோண்டும்போது கிடைத்த நடராசர் படிமம் கைமாறிக் கைமாறி லண்டன் சென்றது. அது பத்தூருக்கு உரியது என்று நிறுவ லண்டன் நீதிமன்றத்தில் சிற்ப இலக்கண வல்லுநரோடு உலோகவியலாரும் மண்ணியலாரும் பூச்சியியலாரும் சாட்சி சொன்னார்கள். படிமத்தில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும், அதே இடத்தில் கிடைத்த பிற படிமங்களோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டன. 1988-இல் தீர்ப்புத் தமிழ்நாட்டுக்குச் சார்பாக வந்தது. மேல்முறையீடும் தோற்றபின் 1991-இல் நடராசர் தாயகம் திரும்பினார். படிமம் கிடைத்த அன்றே எழுதியிருக்கக்கூடிய ஒரு பக்கக் குறிப்பை நெடிய வழக்கால் ஈடுகட்ட வேண்டியதாயிற்று.

கிணறு வெட்டும்போதும், வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும், ஏரி தூர்வாரும்போதும் தமிழ்நாட்டில் காசுகளும் படிமங்களும் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. கண்டெடுப்பவர் செய்ய வேண்டியவை நான்கு: தோண்டுவதை அங்கேயே நிறுத்துவது, பொருளைக் கழுவாமல் வைப்பது, இடத்தையும் ஆழத்தையும் உடன்கிடந்தவற்றையும் படத்தோடு குறிப்பது, வட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ அன்றே தெரிவிப்பது. அரசு செய்ய வேண்டியவையும் உண்டு: மாவட்டந்தோறும் பொருளைப் பார்த்து இனங்கண்டு சொல்லும் பயிற்சி பெற்ற அலுவலர், யாரும் பார்க்கத்தக்க பொதுப் பதிவேடு, கண்டெடுத்தவரைக் குற்றவாளிபோல் நடத்தாமல் உரிய வெகுமதியைக் காலத்தில் வழங்கும் நடைமுறை. இங்கிலாந்தின் பட்டறிவு காட்டுவது இதுவே: தகவல் தருபவருக்கு மதிப்பும், தந்த தகவலுக்குப் பதிவும் கிடைக்கும் நாட்டில்தான் மண்ணுக்குள் இருக்கும் வரலாறு மக்களிடம் வந்து சேர்கிறது.